மூடி போட்ட படம்

லென்ஸுக்கு மூடி போட்டு
அதன்மேல் கறுப்புத் துணி சுற்றி
அறை விளக்கையும் அணைத்துவிட்டு
நாங்கள் எடுக்கும் படத்தில்
ஒன்றுமே இருக்கக்கூடாது.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மெக்கெலன் நகரில் அக்டோபர் கடைசி.
சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த வானெஸ்
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்:
வந்துடுச்சா?
வந்திருந்தது.
பதினான்கு மாத வேலை
கூரியர்காரனின் ஈரப் பெட்டியில்.
பழைய படச்சுருளின் ஒரு கட்டம் அளவு,
சாய்த்தால் மயில்கழுத்து நிறம்.

முதல் வெளிச்சத்துக்கு வானெஸ் தன் கையுறையை நீட்டினான்.
வந்தது:
பிரிந்த நூல், கட்டைவிரலில் சைக்கிள் எண்ணெய்,
கம்பளி மயிரில் தொங்கிய ஒரு மழைத்துளி.
பக்கத்து அறைக்காரர்களும் வந்து கைதட்டினார்கள்.
வெளிச்சத்தைப் பார்க்க எந்தச் சில்லுக்கும் தெரியும்.
நான் மூடியை எடுத்தேன்.

ஒரு நொடி. கறுப்பு.
பத்து நொடி. கறுப்பு.
கணினியில் அதை நாற்பது மடங்கு உயர்த்தினேன்.
பொடி மணல்போல் இரைச்சல், சரி, அது இருக்கும்.
ஆனால் வலது கீழ் மூலையில்
ஒரு விடியல்.

மூடியில் ஓட்டை என்றான் வானெஸ்.
மூடியை மாற்றினோம். துணியை மாற்றினோம்.
அவசர வழிப் பலகையின் பச்சை விளக்குக்கு
டேப் ஒட்டினோம்.
அது அங்கேயே விடிந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த மூலை தெரியும்.
மே மாதம், வெள்ளிக்கிழமை, ஆறு மணி,
நீச்சல் குளத்து வாசலில் மகன் நனைந்த தலையோடு நிற்பான்.
கம்பிக்கு வழி கிடைக்காமல்
ஓர் ஆம்ப்ளிஃபையரை இருபது மைக்ரான் உள்ளே தள்ளினேன்.
மின்னழுத்தம் கூடினால் டிரான்சிஸ்டர்
மிக மிக மெல்ல ஒளிரும்.
பாடப்புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பு.
உலகத்தைப் பார்க்கச் செய்த சில்லு
உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
விளக்கடியில் இருட்டு என்பது பழைய கதை.
நான் செய்தது இருட்டடியில் விளக்கு.

ஹெர்லிண்டா கணக்குப் போட்டாள்:
மென்பொருளில் கழித்துவிடலாம், செலவே இல்லை.
கழிக்கலாம். ஒளி கழியும்,
அதன் நடுக்கம் கழியாது.
யார் அந்த மூலையைப் பார்க்கப் போகிறார்கள்
என்று அவள் கேட்டபோது
என்னிடம் பதில் இல்லை.

பதில் வியாழக்கிழமை ரயிலில் வந்தது,
நார்வேக்காரி, ஒளிப்பதிவாளர், சுன்னிவா.
கோட்டைக் கழற்றாமல் திரைக்கு முன் நெடுநேரம் நின்றாள்.
பிறகு சொன்னாள்:
"வார்டோவில் ஒரு படகுக் கொட்டகை.
ஒரு பெண், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வேறு விளக்கு இல்லை.
இனி யாரும் வரமாட்டார்கள் என்று
அவளுக்குத் தெரிகிற நிமிடம்.
கதவு இருப்பது
வலது கீழ் மூலையில்."

யாரும் பேசவில்லை.
ஹெர்லிண்டா பேனாவை மூடினாள்.

ஒளி சேரும்போது அந்த ஆம்ப்ளிஃபையர் தூங்க வேண்டும்,
படித்தெடுக்கும்போது மட்டும் விழிக்க வேண்டும்.
அதற்கு வேண்டியது ஒரே ஒரு கம்பி.
ஒரு கம்பிக்கு ஒரு புது மாஸ்க்,
ஒரு மாஸ்க்குக்குப் பதினோரு வாரம்.
அவள் விரல்விட்டு எண்ணினாள்.
ஜனவரி இருபதுக்குமேல் அங்கே சூரியன் திரும்பிவிடும்,
அப்புறம் என் இருட்டுக்கு எங்கே போவேன் என்றாள்.

இன்று ஜனவரி பதினான்கு.
அதே ஈரப் பெட்டி, அதே மயில்கழுத்து.
கையுறை, கைதட்டல் எதுவும் வேண்டாம் என்றுவிட்டேன்.
மூடி. துணி. டேப் ஒட்டிய பச்சை விளக்கு.
பத்து நொடி.

இந்த மையிருட்டில் கண்ணை மூடினாலும்
இமைக்குள் என்னென்னவோ மினுங்குகிறது எனக்கு,
மஞ்சள் பொட்டு, ஊர்ந்து போகும் நீலம்.
இதை வரைந்தவர் எந்த வெள்ளிக்கிழமை
எங்கே போகும் அவசரத்தில் இருந்தாரோ.

வானெஸ் மூச்சைப் பிடித்திருக்கிறான்.
ஏழு.
எட்டு.